முப்பத்தொண்ணாவது தொடை

சாராள்: கால கொஞ்சம் அகட்டும்மா... இன்னும்... அட, இன்னா இது? கதவ சாத்தறா மாதிரி சாத்திகினே?

ஜெய்புன்னிசா: வாணாம் சாராள்க்கா.

சாராள்: நான் தானே கீறேன். சுத்தி ஸ்கிரீன் போட்டாச்சி. காத்துல பறக்காம கிளிப்பு வேற போட்டுட்டேன்.

ஜெய்புன்னிசா: பக்கத்துக் கட்டில்ல பொன்னி கெடக்குது. சந்துல பாக்கும்.

சாராள்: அது கண்ணு ஆபரேசன் பண்ணிகினு, ரெண்டு கண்ணுலயும் கட்டு போட்டுகினு கீது. எங்கேந்து பாக்கும்?

ஜெய்புன்னிசா: காது கீதுல்ல?

சாராள்: காதால தொடைய பாத்துடுவாளா? நல்ல கதடி உன்னோடது.

ஜெய்புன்னிசா: சிரிக்காத. எனக்கு உசுரு போவுது.

சாராள்: சரி, சிரிக்கல. முட்டி வரைக்குமாவது பொடவைய தூக்கு.

ஜெய்புன்னிசா: பதினோரு நாளா இந்தப் பொம்பள சர்ஜரி வார்டுல கெடக்கேன். தெனம் நீ வர, கழுவற, துணி மாத்தற, மூடற. அதோட முடிஞ்சிது. நேத்துலேந்து இன்னா புதுசா நூலு, ஸ்கேலு, மை பாட்டிலு?

சாராள்: மை இல்ல. புண்ணுக்குப் போடற வயலெட் மருந்து.

ஜெய்புன்னிசா: எனக்கு இன்னா பேன்ட்டு தெக்கப் போறியா?

சாராள்: தெச்சிடலாம். இப்ப தான் எல்லாப் பொண்ணுங்களும் பெல்பாட்டம் போட்டுகினு திரியுதுங்களே.

ஜெய்புன்னிசா: எங்க மாமியா பாத்தா உசுரு போயி மவுத்தாயிடும்.

சாராள்: பத்து மணிக்கு தியேட்டரு. இப்ப எட்டரை. டாக்டரு சதாசிவம் ஒம்பது மணிக்கெல்லாம் வந்து நிப்பாரு. அதுக்குள்ள கோடு போட்டு, நீளம் சொல்லியாவணும். தெரியும்ல?

ஜெய்புன்னிசா: தெரியும். எதுக்குன்னு தான் யாரும் ஒயுங்கா சொல்லல.

சாராள்: உனக்கு பிள்ள பொறந்தப்போ கீழ கிழிஞ்சிது இல்ல? பின்னாடி வயில அடைச்சிப் புடிக்கற சதையே போயிடுச்சி. ரெண்டு தபா தெச்சாங்க. நிக்கல.

ஜெய்புன்னிசா: ரெண்டு தபாவும் பட்டணத்துல.

சாராள்: ம்... அதனால இப்போ உன் உள்தொடையிலேந்து ஒரு சதைய எடுத்து, அங்க சுத்தி வெக்கறாரு. சுருக்குப் பை வாயில கயிறு சுத்தறா மாதிரி. இஸ்து மூடிக்கலாம்.

ஜெய்புன்னிசா: தொடைலேந்து எடுத்தா நடக்க முடியுமா?

சாராள்: முடியும். அது ஒரு உபரிச் சதை. பட்டையா, நீளமா, ரிப்பன் கணக்கா கெடக்கும். அத எடுத்தாலும் காலுக்கு ஒண்ணும் ஆவாதாம்.

ஜெய்புன்னிசா: நீ பாத்தா மாதிரி சொல்ற.

சாராள்: நான் பாக்கல. என் வூட்டுக்காரரு பாத்திருக்காரு. மோசஸு. காலேஜில பொணம் அறுத்துப் படிக்கற ஹாலு கீதுல்ல, அங்க தான் அவருக்கு வேல. ரெண்டு வருசமா நம்ம டாக்டரு அங்க வந்து குந்திகினு, ஒவ்வொரு தொடையா பிரிச்சி, அந்தச் சதைய அளந்துகினு இருந்தாரு. எவ்ளோ நீளம், எவ்ளோ அகலம், ரத்தக் கொழா எந்த எடத்துல உள்ளாற பூருது... எல்லாம். நூலு புடிக்கறது எங்க ஆளு தான்.

ஜெய்புன்னிசா: யா அல்லா! செத்தவங்க தொடையிலயா?

சாராள்: உசுரோட கீறவங்க குடுப்பாங்களா?

ஜெய்புன்னிசா: எத்தினி பேரு?

சாராள்: பதினஞ்சு ஆளு. முப்பது தொடை. உன்னோடது முப்பத்தொண்ணு.

ஜெய்புன்னிசா: நல்ல சேர்க்கை எனக்கு!

சாராள்: பாத்தியா, நீயே சிரிச்சிட்ட.

ஜெய்புன்னிசா: அந்த முப்பதுல பொம்பளைங்க உண்டா?

சாராள்: ரெண்டே ரெண்டு பேரு. நாலு தொடை. மத்ததெல்லாம் ஆம்பளைங்க.

ஜெய்புன்னிசா: அவங்களையும் இப்டி தான் தொறந்து போட்டு அளந்தாங்களா?

சாராள்: அளக்கற எடத்த உட்டு மத்தது எல்லாத்தையும் துணி போட்டு மூடிடுவாராம் மோசஸு. 'கொஞ்சம் பொறுத்துக்கம்மா'ன்னு வேற சொல்லுவாராம். பசங்கல்லாம் சிரிப்பாங்களாம்.

ஜெய்புன்னிசா: உன் புருசன் நல்ல மனுசன்.

சாராள்: வூட்ல வந்து பாரு, தெரியும். நாஷ்டாவுக்கு உப்பு கம்மின்னு ஊரையே கூட்டுவாரு.

ஜெய்புன்னிசா: முப்பது அளந்தாச்சில்ல? அதையே வெச்சிகினு பண்ணட்டும். என்னை எதுக்கு?

சாராள்: அதான் சொன்னேனே, பொம்பள தொடை நாலு தான். அதுவும் பஞ்சத்துல அடிபட்டவங்க. அத வெச்சி உன்னோடது இப்டி தான் இருக்கும்னு எப்டி சொல்றது? உன் காலு நீளத்தப் பாத்து தான் ரத்தக் கொழா எங்க கீதுன்னு கணக்கு போடுவாரு. அங்க மட்டும் கத்தி படக் கூடாது.

ஜெய்புன்னிசா: மயக்கம் குடுத்துட்டு அவரே அளந்துக்கட்டும். எனக்கு தெரியவா போவுது?

சாராள்: மயக்கத்துல சதை தொவண்டுடும்மா. எது எதுன்னு தெரியாது. முழிச்சிகினு கீறப்போ நீ கால உள்ளாற அமுக்கணும். அப்போ அது மட்டும் கயிறாட்டம் தூக்கும். அது மேல கோடு போடணும்.

ஜெய்புன்னிசா: ஓ.

சாராள்: டாக்டரு அளக்க வந்தாரு. நீ மேசைய உட்டு எறங்கி ஓடுன. ஒரு தபா இல்ல, ரெண்டு தபா. அம்சா சிஸ்டரு வந்துது. அதுக்கும் உடல. 'சாராள்க்கா தான் வரணும், வேற யாரு கையும் படக் கூடாது'ன்னு அழுத. அதனால ஆயாவுக்கு வந்த வேல இது. எனக்கு இன்னா டாக்டர் படிப்பா?

ஜெய்புன்னிசா: இரு... இரு. நேத்து சாயந்தரம் டாக்டரு வந்தப்போ, 'அளந்தாச்சா'ன்னு கேட்டாரு. நீ 'ஆச்சி சார், நாப்பத்திரண்டு'ன்னு சொன்னல்ல? எனக்காக ஏதோ சமாளிக்கறன்னு நெனச்சேன். அவரு சீட்டுல எழுதிகினு போனாரே?

சாராள்: எழுதிகினாரு.

ஜெய்புன்னிசா: யாரு தொடை அது, நாப்பத்திரண்டு?

சாராள்: என்னோடது.

ஜெய்புன்னிசா: இன்னா?

சாராள்: நீ பொடவைய ரெண்டு கையாலயும் புடிச்சிகினு உடவே இல்ல. மணி ஆச்சி. பாத்ரூமுக்குப் போயி என் தொடையில நூல வெச்சி அளந்தேன். ரெண்டு பேரும் ஏறக்கொறைய ஒரே ஒசரம் தானேன்னு...

ஜெய்புன்னிசா: ஒரே ஒசரமா? நீ பனமரம். நான் உன் தோளுக்கு வந்தா பெருசு.

சாராள்: நீ படுத்தே கெடக்கறியே, ஒசரம் எப்டி தெரியும்? மோசஸு கிட்ட நேத்து சோறு போடறப்போ சொன்னேன். தட்ட தள்ளிட்டு எழுந்துட்டாரு. 'அடி பாவி, ஒரு வெரக்கட தள்ளி வெட்டினா அந்த ரத்தக் கொழா போயிடும்டி. சதை கருத்து அழுவிடும். அப்புறம் இன்னொரு தொடை தான் பாக்கி. அதுவும் போச்சின்னா அந்தப் பொண்ணுக்கு ஒண்ணுமே இல்ல'ன்னாரு. ராத்திரி ஒரு பொட்டு தூங்கல. வெள்ளன எழுந்து ஓடியாந்துட்டேன். திட்டறதுன்னா திட்டு. ஆனா கால காட்டு.

ஜெய்புன்னிசா: டாக்டர்கிட்ட சொன்னியா, அது பொய்யின்னு?

சாராள்: இன்னும் இல்ல. மொதல்ல சரியான அளவு எடுத்துகினு போறேன்.

ஜெய்புன்னிசா: உனக்கு இது பயக்கமாக்கா? தெரியாதத தெரிஞ்சா மாதிரி சொல்றது?

சாராள்: ...எதுக்கும்மா அப்டி கேக்கற?

ஜெய்புன்னிசா: சும்மா தான். மூஞ்சி ஏன் அப்டி ஆவுது?

அம்சா: சாராளு! ஆச்சா? எவ்ளோ நேரம்?

சாராள்: இதோ சிஸ்டர்! ஸ்கிரீன தொறந்துடாதீங்க, பொண்ணு கூச்சப்படுது!

அம்சா: கூச்சமெல்லாம் தியேட்டர்ல பாக்க மாட்டாங்க. ஒம்பதுக்கு சீட்டு வந்தாவணும், சொல்லிட்டேன்.

சாராள்: சிஸ்டரு போயிடுச்சி. தூக்கும்மா பொடவைய.

ஜெய்புன்னிசா: என் மூஞ்சில துப்பட்டிய போடு.

சாராள்: போட்டேன். போதுமா?

ஜெய்புன்னிசா: இன்னும் இஸ்து உடு. கண்ணு தெரியக் கூடாது... ம். இப்ப பண்ணு.

சாராள்: ஐயோ... தொடையெல்லாம் வெந்து கெடக்குது. கழுவறப்போ தெனம் பாக்கறேன். இப்போ வெளிச்சத்துல...

ஜெய்புன்னிசா: நாலு வருசமா ஈரத்துலயே கெடந்தா வேகாம இன்னா பண்ணும்? ராத்திரி கோணி மேல தான் படுக்கறது. பாயி மேல படுத்தா பாய தூக்கிப் போடணும்.

சாராள்: உன் வூட்டுக்காரரு ஏதாச்சும் சொல்லுவாரா?

ஜெய்புன்னிசா: நூர்முகமது மச்சானா? ஒரு வார்த்த சொல்ல மாட்டாரு. கல்பாக்கத்துக்கு சரக்கு போட போவாரு, திரும்பி வர்றப்போ அத்தரு பாட்டிலு வாங்கியாந்து தலமாட்டுல வெப்பாரு. அவ்ளோ தான். அத பாக்கறப்போ செருப்பால அடிச்சா கூட தேவலன்னு தோணும்.

சாராள்: இங்க வெளிய தானே கீறாரு?

ஜெய்புன்னிசா: வேப்ப மரத்தாண்ட குந்திகினு கீறாரு. உள்ள வர மாட்டாரு. மாமியா வேற பொண்ணு பாத்து வெச்சிருக்கு. இந்த ஆபரேசன் பாத்துட்டு சொல்றேன்னு சொல்லியிருக்காராம். எனக்கு தெரியாதுன்னு நெனச்சிகினு கீறாரு.

சாராள்: இது நடக்கும்மா. நல்லபடியா நடக்கும். இந்தா, இங்க எலும்பு தட்டுப்படுது பாரு, அடிவயித்துக்குக் கீழ. இங்கேந்து முட்டிக்கு உள்பக்கம் வரைக்கும். என் கையி சில்லுனு இருக்கும், பயந்துடாத.

ஜெய்புன்னிசா: உன் கையி எனக்கு புதுசா?

சாராள்: பதினோரு நாளு பயக்கம் ஆச்சே.

ஜெய்புன்னிசா: ம். பதினோரு நாளு.

சாராள்: இப்போ நான் முட்டிய வெளிய தள்ளுவேன். நீ உள்ள தள்ளணும். உடக் கூடாது. எங்க, தள்ளு.

ஜெய்புன்னிசா: தள்ளறேன்.

சாராள்: இது பத்தாது. சதை எழும்பவே இல்ல. யாரு மேலயாவது கோவம் வந்தா எப்டி எத்தித் தள்ளுவ? அப்டி.

ஜெய்புன்னிசா: கோவமா?

சாராள்: ஆமா. மாமியாவ நெனச்சிக்கோ.

ஜெய்புன்னிசா: அதுக்கும் மேல ஆளு கீது.

சாராள்: யாரா இருந்தா இன்னா, நெனச்சிகினு... அம்மாடி! கையே ஒடிஞ்சிடும் போல கீது! அப்டியே இரு, அப்டியே இரு... எழும்பிச்சி. கயிறு தான். மோசஸு சொன்னா மாதிரியே ரிப்பன் கயிறு. கோடு போடறேன்... ஜில்லுனு இருக்கும்...

ஜெய்புன்னிசா: சீக்கிரம்க்கா. தள்ளத் தள்ள கசியுது. எனக்கு தெரியுது. நாத்தம் வருது.

சாராள்: வரட்டும். உடாத.

ஜெய்புன்னிசா: உன் மூஞ்சி நேரா கீதுக்கா அங்க! வாணாம், எழுந்துக்கோ!

சாராள்: பரவால்லன்றேன். நான் தொடச்சிக்கறேன். உட்டுட்டா மறுபடி மொதல்லேந்து பண்ணணும். ஆச்சி... முட்டி வரைக்கும் வந்துட்டேன்... ம், தளத்து.

ஜெய்புன்னிசா: அல்லா... அல்லா...

சாராள்: அழாத. இதோ துணி. இதோ தண்ணி. ஒரு நிமிசம்... ஆச்சி பாரு. கோடு அழியல.

ஜெய்புன்னிசா: நாலு வருசமா தொழுவல நான். கை கால் கழுவி ஒளு செஞ்சிட்டு, தொழுவ தக்பீர் கட்டறதுக்குள்ள கசிஞ்சிடும். மறுபடி ஒளு செய்வேன். மறுபடியும் கசியும். ஒரு நோம்பு மாசம் முச்சூடும் குழாயடில ஒக்காந்து அழுதேன். இப்டி கீறவங்க இன்னா செய்யணும்னு பள்ளிவாசல் ஹஜ்ரத்து கிட்ட கேக்கலாம். எந்த வாயால கேக்கறது?

சாராள்: இனிமே தொழுவலாம்.

ஜெய்புன்னிசா: என் பொண்ணு லத்தீஃபா பாட்டி கிட்ட தான் படுக்கும். ஒரு நாளு ஆசையா தூக்கிகினு வந்து பக்கத்துல போட்டேன். கொஞ்ச நேரம் இருந்துட்டு எழுந்து போயிடுச்சி. 'அம்மா மேல கக்கூசு'ன்னுது. சின்னக் கொயந்த. பொய் சொல்லத் தெரியல.

சாராள்: வாணாம்மா... சொல்லாத.

ஜெய்புன்னிசா: கேக்க முடியலியா?

சாராள்: முடியல.

ஜெய்புன்னிசா: நூல அள.

சாராள்: ம்... இங்க முடிச்சி... அங்க முடிச்சி... ஸ்கேலு ஒண்ணு முழுசா போச்சி, முப்பது சென்டி. மேல... ஒண்ணு, ரெண்டு, மூணு... ஆறு. முப்பத்தாறு.

ஜெய்புன்னிசா: நாப்பத்திரண்டு இல்ல.

சாராள்: இல்ல. ஆறு கொறையுது. ஏசுவே... ஆறு கொறையுது. நூல நாலா மடிக்கணும், நாலுல ஒரு பங்கு எங்க வருதோ, அங்க தான் கொழா பூருதுன்னு மோசஸு சொன்னாரு. முப்பது தொடைலயும் அங்க தான் பூந்துதாம், ஒண்ணு ரெண்டு முன்ன பின்ன. பாரு, உன்னோடது இங்க வருது... என் தொடைக்கு மடிச்சா இங்க. பாத்தியா? ஒரு வெரக்கட. அவரு சொன்ன அதே ஒரு வெரக்கட.

ஜெய்புன்னிசா: அங்க புள்ளி வெய்யி.

சாராள்: வெச்சிட்டேன்.

ஜெய்புன்னிசா: இங்க வர்றதுக்கு முன்னாடி எங்கக்கா வேல செஞ்ச?

சாராள்: அங்க இங்க.

ஜெய்புன்னிசா: கடலோரமா?

சாராள்: கொஞ்ச நாளு... ஏன்?

ஜெய்புன்னிசா: எங்க ஊரு புதுப்பட்டினம் வந்திருக்கியா?

சாராள்: பஸ்ஸுல தாண்டிப் போயிருக்கேன்.

ஜெய்புன்னிசா: எனக்கு பிரசவம் பாத்துது அங்க ஒரு நர்ஸம்மா. கடத்தெருவுல சின்னதா ஒரு பிரசவ வூடு இருந்துது. இப்ப இல்ல, மூடிட்டாங்க. வெள்ள பொடவ கட்டிகினு ஒரு நர்ஸம்மா. நல்ல மாதிரி தான்.

சாராள்: ...மூஞ்சி ஞாபகம் கீதா?

ஜெய்புன்னிசா: வலியில யாரு மூஞ்சப் பாக்கறா?

அம்சா: சாராளு! டாக்டரு ஜீப்பு வந்துடுச்சி!

சாராள்: வரேன் சிஸ்டர்... ரெண்டே நிமிசம்!

ஜெய்புன்னிசா: போயேன்க்கா. முப்பத்தாறு, போயி சொல்லு.

சாராள்: இரும்மா. நான் ஒண்ணு சொல்லணும். இப்ப சொல்லலன்னா என் ஜென்மத்துக்கும் சொல்ல மாட்டேன்.

ஜெய்புன்னிசா: சொல்லு.

சாராள்: துப்பட்டிய எடுக்காத. அப்டியே மூடிகினே இரு. உன் மூஞ்ச பாத்துகினு சொல்ல முடியாது.

ஜெய்புன்னிசா: எடுக்கல.

சாராள்: அந்த நர்ஸம்மா... நர்ஸம்மா இல்ல. ஆயா. நான் தான். நெஜ நர்ஸு மாபலிபுரத்துல ஒரு நிச்சயதார்த்தத்துக்கு போயிருந்துது. 'கேஸு வந்தா கையே வெக்காத, வண்டி புடிச்சி செங்கல்பட்டுக்கு அனுப்பிடு'ன்னு சொல்லிட்டுப் போச்சி. மத்தியானம் மூணு மணி. உன்னை மாட்டு வண்டியில போட்டு இட்டுகினு வந்தாங்க. உங்க மாமியா எறங்கின ஒடனே என் கையப் புடிச்சிகினு, 'நர்ஸம்மா, நீங்க தான் பாக்கணும்'னாங்க. நான் கட்டிகினு இருந்தது நர்ஸு குடுத்த பழைய பொடவ. வெள்ள பொடவ. 'நான் நர்ஸு இல்லம்மா'ன்னு ஒரு வார்த்த... ஒரே ஒரு வார்த்த சொல்லியிருக்கணும்.

ஜெய்புன்னிசா: ஏன் சொல்லல?

சாராள்: 'நீங்க'ன்னு சொன்னாங்க.

ஜெய்புன்னிசா: இன்னா?

சாராள்: எங்கப்பன் கருப்பன் சாவற வரைக்கும் அடுத்தவங்க கழனியில நாத்து சொமந்தாரு. தலை நரைச்ச மனுசன, மீச மொளைக்காத பையன் கூட 'டேய்'னு தான் கூப்புடுவான். எங்கம்மாவ 'ஏய்'. என்னையும் அப்டி தான். ஒரு பெரிய வூட்டு அம்மா என்னப் பாத்து 'நீங்க'ன்னு சொன்னது அன்னிக்கி தான். வாய்ல வந்துது, சொல்ல மனசு வரல. கொஞ்ச நேரம் நர்ஸம்மாவாவே இருந்துக்கலாம்னு தோணிச்சி. இத எப்டி சொல்றது... கேட்டா காறித் துப்புவாங்க. அதான் யாரு கிட்டயும் சொன்னதில்ல. மோசஸுக்கு கூட தெரியாது.

ஜெய்புன்னிசா: அப்புறம்?

சாராள்: தல வெளிய வந்துகினு இருக்குது. பதறாம மெதுவா புடிக்கணும்னு நர்ஸு சொல்லிக் கேட்டிருக்கேன். ஆனா நான் 'முக்கு, முக்கு'ன்னு கத்திகினு வயித்த அமுக்கினேன். கொயந்த வந்துடுச்சி. எல்லாரும் அழுது சிரிச்சாங்க. நான் கீழ பாத்தேன். முன்னயும் பின்னயும் ஒண்ணாயிடுச்சி. டாக்டரு வூடு ரெண்டு தெரு தள்ளி. அன்னிக்கே தெச்சிருந்தா சரியாயிருக்கும். அன்னிக்கே! ஆனா அவரு வந்தா, 'நீ யாரு கை வெக்க'ன்னு கேப்பாரு. எல்லாருக்கும் முன்னாடி நான் ஆயான்னு ஆயிடும்.

ஜெய்புன்னிசா: அதனால?

சாராள்: பஞ்ச வெச்சி கட்டினேன். வெளிய வந்து 'தாயும் பிள்ளையும் நல்லா கீறாங்க'ன்னு சொன்னேன். உங்க மாமியா வெத்தல பாக்கும் ஒரு பொடவையும் தட்டுல வெச்சி குடுத்தாங்க. நான்... வாங்கிகினேன். மூணு மாசம் கழிச்சி உன் நெலம காதுல உழுந்துது. ஊர உட்டே ஓடி வந்துட்டேன். இந்த வார்டுல வேல கெடச்சிது. பதினோரு நாளுக்கு முன்னாடி ஸ்ட்ரெச்சர்ல 'ஜெய்புன்னிசா, புதுப்பட்டினம்'னு பேர படிச்சாங்க. என் கையில இருந்த வாளி நழுவிடுச்சி. நீ கண்டுபுடிக்கலன்னு தெரிஞ்சப்போ, கர்த்தருக்கு ஸ்தோத்திரம்னு மூச்சு உட்டேன். அதுக்காகவே என்னை செருப்பால அடிக்கலாம். நேத்து நாப்பத்திரண்டுன்னு சொன்னேன் பாரு, அப்பவும் அதே நெஞ்சு, அதே வாயி. கூசாம வந்துது. ரெண்டாவது தபாவும் உன்ன நானே சாவடிக்கப் பாத்தேன்.

அம்சா: சாராளு! டாக்டரு கேக்கறாரு!

சாராள்: வந்துகினே கீறேன் சிஸ்டர்! ...இப்ப போயி அவரு கிட்ட ரெண்டும் சொல்லப் போறேன். நாப்பத்திரண்டு பொய்யின்னு சொல்லுவேன். அன்னிக்கி பிரசவம் பாத்தது நான் தான்னும் சொல்லுவேன். வேல போவும், போவட்டும். உன் வூட்டுக்காரரு கிட்டயும் சொல்றேன், அந்த வேப்ப மரத்தாண்டயே. நீ ஏதாவது சொல்லும்மா. திட்டு. துப்பு. இப்டி மூடிகினு கெடக்காத, ஜெய்பு... என்னால முடியல.

ஜெய்புன்னிசா: மொத நாளு நீ வாளியோட வந்து 'இன்னாம்மா, வலிக்குதா'ன்னு கேட்ட பாரு, அப்பவே உன் கொரலு தெரிஞ்சிடுச்சிக்கா. வேற யாரு கையும் படக் கூடாதுன்னு அடம் புடிச்சது வெக்கத்துல இல்ல. பிரியத்துலயும் இல்ல. கிழிச்சவளே கழுவட்டும்னு தான். சுத்தமா கீறப்போ கூட, டம்ளரால கட்டில தட்டித் தட்டி உன்ன வரவெச்சேன். நீ ஒரு தபா மூஞ்ச சுளிப்ப, ஒரு தபா மூக்க மூடுவ, அப்போ வார்டே கேக்கறா மாதிரி உன் பேர நாறடிக்கலாம்னு பதினோரு நாளா கண்ணு கொட்டாம பாத்துகினு கெடந்தேன்... பெத்த பிள்ளையே எழுந்து போன எடத்துல நீ தெனம் குனிஞ்ச, ஒரு நாளு கூட மூக்க மூடலியேக்கா... துப்பட்டிய எடுக்கச் சொல்லாத, எனக்கு தான் உன் மூஞ்ச பாக்க வெக்கமா கீது.